ஏறாத ஸ்கோரும் எழுதித் தள்ளும் மாக்குகளும்

அக்டோபர் பிறந்துவிட்டால், ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வுக்குப் படிப்பவர்களின் பேச்சில் ஒரே புலம்பல்தான். "எழுபதைத் தாண்டவே மாட்டேங்குது." ஜூலையில் நாற்பதில் கிடந்த மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) மதிப்பெண் ஆகஸ்டில் ஐம்பத்தைந்து, செப்டம்பரில் எழுபது என்று ஏறியிருக்கும். அதற்குப் பிறகு 68, 72, 66, 71. தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை. அன்று சொதப்பினால் அடுத்த நவம்பர்தான். இந்த நெருக்கடியில் பெரும்பாலோர் கையில் எடுக்கும் வைத்தியம் ஒன்றே: வாரத்துக்கு ஒன்றாக எழுதிய மாக்கை நாளுக்கு ஒன்றாக்குவது.

இந்த வைத்தியத்தைச் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கென்று சில பலன்கள் உண்டு, அவை ஆய்வுகளிலும் உறுதியானவை. ஆனால் மாக் எதைக் கற்றுத்தரும், எதைக் கற்றுத்தராது என்று பிரித்துப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். ஸ்கோர் அசையாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

முதலில், தேங்கிவிட்டது என்று சொல்லப்படும் ஸ்கோர் உண்மையிலேயே தேங்கியிருக்கிறதா? 2024 கேட் தாளில் 68 வினாக்கள், மொத்தம் 204 மதிப்பெண். சரியான விடைக்கு 3, தவறான விடைக்கு 1 கழிவு. சரியாகப் போயிருக்க வேண்டிய இரண்டு வினாக்கள் கைதவறித் தவறாகப் போனால் 8 மதிப்பெண் இறங்கிவிடும். அப்படியானால் 66-க்கும் 72-க்கும் உள்ள தூரம் இரண்டு வினாகூட இல்லை. 72 வந்த அன்று பார்ட்டி வைப்பதும் 66 வந்த இரவு தூக்கம் கெடுவதும் ஒரே அளவுக்கு அர்த்தமற்றவை. மேலாண்மைப் படிப்புக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிமேட்டை நடத்தும் அமைப்பே, 205 முதல் 805 வரை போகும் தன் மொத்த மதிப்பெண்ணில் 30 முதல் 40 புள்ளி வரை அளவீட்டுப் பிழை இருக்கலாம் என்று சொல்கிறது. பல ஆண்டுகளாகச் சோதித்துச் சீர்செய்த வினா வங்கியை வைத்திருக்கும் தேர்வுக்கே இந்த நிலை. வாராவாரம் புதிதாக வினா தயாரிக்கும் கோச்சிங் நிலையத்தின் மாக்குக்கு இதைவிடக் கூடுதல் துல்லியம் எங்கிருந்து வரும்? இரண்டு நிலையங்களின் தொடர்களை மாற்றி மாற்றி எழுதி, அந்த எண்களை ஒரே கோட்டில் கோத்து, ஏறவில்லை என்று வருந்துகிறவர்கள் வேறு இருக்கிறார்கள்.

பெர்சன்டைலிலும், அதாவது எத்தனை விழுக்காட்டினரை முந்தினோம் என்ற கணக்கிலும், இதே குழப்பம். 2024-இல் ஐஐஎம் கல்கத்தா நடத்திய கேட்டை சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். ஒரு பெர்சன்டைல் என்பது ஏறத்தாழ 2,900 பேர். அந்தக் கூட்டத்தில் சும்மா எழுதிப் பார்ப்போமே என்று வந்தவர்களும் உண்டு. மாக் எழுதும் கூட்டமோ பணம் கட்டி மாதக்கணக்கில் தயாராகிறவர்கள். அங்கே 90 வாங்குவதும் நிஜத் தேர்வில் 90 வாங்குவதும் ஒன்றல்ல. அக்டோபர் ஆக ஆக, அரைகுறையாகப் படித்தவர்கள் மாக் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் தேறியவர்கள். மதிப்பெண் ஏறினாலும் பெர்சன்டைல் நகராமல் இருக்க இது ஒன்றே போதும்.

கற்றலில் வரும் தேக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றேகால் நூற்றாண்டுப் பழையது. 1897-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் வில்லியம் லோ பிரையன் என்ற பேராசிரியரும், தந்தி இயக்குநராக இருந்து ஆய்வுக்கு வந்த நோபிள் ஹார்ட்டரும், தந்தி பழகுகிறவர்களின் வேகத்தை வாரந்தோறும் அளந்து வரைபடம் போட்டார்கள். செய்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியது. வரும் செய்தியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகமோ ஒரு கட்டத்தில் வாரக்கணக்கில் அப்படியே படுத்துக் கிடந்து, பிறகு மளமளவென்று ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, சொல்லாகவும் பின்னர் சொற்றொடராகவும் கேட்கப் பழகும் இடைவெளி அது என்று அவர்கள் விளக்கினார்கள். 1958-இல் ஃபிரெட் கெல்லர் என்ற உளவியலாளர் அதற்கு மறுப்பு எழுதினார். அவரும் மோர்ஸ் குறியீட்டைக் கற்பித்து ஆராய்ந்தவர். கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பே கிண்டல்: ஆவித் தேக்கம். அந்தத் தேக்கம் கற்றலின் பொது விதி அல்ல என்பது அவர் கட்சி.

கேட் மாணவருக்கு இந்த இரண்டு கட்சிகளுமே பொருந்தக்கூடும். ஒருவருக்கு உள்ளே ஏதோ பழக்கம் படிந்துகொண்டிருக்கலாம், எண்ணில் மட்டும் அது தெரியாமல் இருக்கலாம். இன்னொருவருக்குத் தேக்கமே கணக்கிடும் முறையால் வந்த தோற்றமாக இருக்கலாம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டில் எது என்று ஜென்மத்துக்கும் தெரியாது.

மாக்கின் பலம் என்ன? டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. அதிகம் பழக்கமில்லாத நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு வகை வகையாகப் பிரித்துப் போட்டது, மற்றது எல்லாவற்றையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது வகைபிரித்துப் போட்டவர்களே அதிகம் சரியாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் கதை தலைகீழ்: கலந்து போட்டவர்கள் 63 விழுக்காடு, வகைபிரித்தவர்கள் 20 விழுக்காடு. எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்ற முடிவைப் பயிற்சியிலேயே எடுக்கப் பழகியவர்கள் ஜெயித்தார்கள். மாக் டெஸ்ட் இயல்பிலேயே கலப்புப் பயிற்சி. இது 'டைம் அண்ட் ஒர்க்' கணக்கு, இது லாகரிதம் என்று அங்கே யாரும் தலைப்புப் போட்டுத் தருவதில்லை. கடைசி மாதத்தில் அத்தியாயம் அத்தியாயமாகக் கணக்குப் போட்டுப் பதினைந்துக்குப் பதினைந்து சரி என்று பூரிக்கிறவரைவிட, மாக்கில் அடிவாங்குகிறவர் சரியான பாதையில் இருக்கிறார்.

இன்னொரு பலனும் உண்டு. 2020 முதல் கேட் 2 மணி நேரத் தேர்வு. பகுதிக்கு 40 நிமிடம். விஏஆர்சி (ஆங்கிலமும் வாசிப்பும்), டிஐஎல்ஆர் (தரவு விளக்கமும் தர்க்கமும்), குவான்ட்ஸ் (கணக்கு) என்ற வரிசையை மாற்ற முடியாது, முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போகவும் முடியாது. இந்தக் கெடுபிடிக்குள் நிதானம் இழக்காமல் இருப்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது.

குறை, மாக் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. டிஐஎல்ஆர் பகுதியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 22 வினாக்கள், ஐந்து செட் (வினாத் தொகுதி). கணக்குக்காக ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். முதல் செட் ஏதோ போட்டி அட்டவணை. திறந்தவுடன் இறங்கிவிடுகிறார். ஆறாவது நிமிடத்தில் பாதி அட்டவணை நிரம்புகிறது. பதினோராவது நிமிடத்தில் ஒரு முரண்பாடு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் ஆரம்பம். பதினேழாவது நிமிடத்தில் கைவிடுகிறார். மிச்சம் 23 நிமிடம். படபடப்பில் இரண்டாவது செட்டின் நான்கு வினாக்களையும் சரியாகப் போடுகிறார், மூன்றாவதில் இரண்டு சரி. மணி அடிக்கப்போகிறது என்று கடைசியில் மூன்று வினாக்களுக்கு எதையோ தொட்டு மூன்றும் தவறு. 18-இல் 3 போக 15. நான்காவது, ஐந்தாவது செட்டுகளை அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை விளக்க வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார். "அடச்சே, இவ்வளவுதானா" என்று ஐந்து செட்டும் புரிந்துவிடுகிறது. மறுநாள் காலை அடுத்த மாக். மறுபடியும் 15.

இங்கே குறைவது அறிவு இல்லை. வீடியோவைத் திறப்பதற்கு முன், கடிகாரம் இல்லாமல் அதே தாளை அவர் இன்னொரு முறை போட்டுப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வராத வினாக்கள் பாடத்தில் உள்ள ஓட்டை. அதில் பெரும்பகுதியை நவம்பரில் அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டாம். நேரம் கொடுத்தால் வருகிற வினாக்கள் வேறு ரகம். அவற்றைத் தேர்வில் தவறவிடக் காரணம், எதை எடுப்பது எதை விடுவது என்ற முடிவு. முதல் நான்கைந்து நிமிடத்தில் ஐந்து செட்டையும் மேய்ந்துவிட்டு இரண்டைத் தேர்ந்தெடுப்பது, எட்டு நிமிடத்தில் பிடி கிடைக்காத செட்டை மனசு வராவிட்டாலும் விட்டுவிடுவது ஆகியவை மூன்று நான்கு வாரத்தில் படியக்கூடிய பழக்கங்கள். கடைசி மாதத்தில் ஸ்கோர் திடீரென்று எகிறிய கதைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அந்த மாதத்தில் யாரும் புதிதாக நிகழ்தகவு கற்று முன்னேறுவதில்லை.

கற்றதைச் சோதித்துப் பார்ப்பதே நினைவில் நிறுத்தும் என்பதற்குச் சான்று கேட்பவர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். சரிதான். ஆனால் அவர்கள் நினைவுகூர்ந்தது அதே பாடத்தை. மாக்கில் ஒவ்வொரு நாளும் வேறு வினா. நேற்றுப் போடத் தெரியாத வினாவை நான்கு நாள் கழித்துத் திரும்ப எடுத்து, விளக்கத்தைப் பார்க்காமல் போட்டுப் பார்க்கும்போதுதான் அந்தப் பலன் கைக்கு வரும். நாளுக்கு ஒரு மாக் என்ற திட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. இரண்டு மணி நேரம் எழுதியதை ஒழுங்காக அலசவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

"இன்னும் ரெண்டு வினா அட்டெம்ப்ட் பண்ணு" என்ற அறிவுரையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியில் லாபமுமில்லை, நட்டமுமில்லை. நான்கில் ஒரு முறை 3 வரும், மூன்று முறை ஒவ்வொன்றாகப் போகும். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் வினாவுக்குச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். விடையைத் தட்டச்சு செய்யும் வினாவில் கழிவே இல்லை. ஆகவே ஊகம் தன்னளவில் குற்றமில்லை. குற்றம், அரைகுறையாகத் தெரிந்த வினாவில் நான்கு நிமிடம் செலவழித்துவிட்டு அதற்குப் பிறகு ஊகிப்பது. 14 போட்டு 9 சரி என்றால் 22 மதிப்பெண், 10 போட்டு 9 சரி என்றால் 26. அட்டெம்ப்ட் எண்ணிக்கையை ஏற்றுவதையே லட்சியமாக வைத்திருப்பவர்கள் இந்தச் சின்னக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

விஏஆர்சி விஷயத்தில் மாக்குகளின் மேல் இன்னும் கடுமையான புகார் சொல்லலாம். 24 வினாக்களில் 16 வாசிப்புப் பகுதியைச் சேர்ந்தவை, நான்கு பத்திகள். இரண்டு விடைகள் ஏறக்குறைய சரியாகத் தோன்றும்போது எதை எடுப்பது என்பதில் ஒவ்வொரு வினா தயாரிப்பாளருக்கும் ஒரு புத்தி உண்டு. கோச்சிங் நிலையத்தின் புத்தியைப் பழகிக்கொண்டு ஐஐஎம் தாளில் போய் நின்றால் காலை வாரிவிடும். இந்தப் பகுதிக்குப் பழைய கேட் தாள்களே உத்தமம். 2020 முதல் ஆண்டுக்கு மூன்று ஸ்லாட் (அமர்வு) நடப்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலக் கட்டுரை படிக்கும் பழக்கமே இல்லாமல் வந்தவரின் தேக்கம் நிஜமான தேக்கம், அதை எந்த மாக்கும் ஒரு மாதத்தில் உடைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஏன் எல்லோரும் எழுதித் தள்ளுகிறார்கள்? பணம் கட்டியாயிற்று, தொடரில் பாக்கி இருப்பதை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் ஒரு காரணம். தன் தவறுகளை உட்கார்ந்து பார்ப்பது கசக்கும், புது மாக் எழுதுவது உழைக்கிற உணர்வைத் தரும் என்பது இன்னொன்று. ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு என்ற பதற்றம் வேறு. ஜிமேட் எழுதுகிறவருக்கு அது குறைவு, 16 நாள் இடைவெளிவிட்டு மறுபடியும் எழுதிக்கொள்ளலாம்.

எவ்வளவு எழுதலாம் என்றால், கடைசி மாதத்தில் வாரத்துக்கு இரண்டு போதும். அனுமதிச் சீட்டு வந்து ஸ்லாட் தெரிந்ததும் அதே நேரத்தில் எழுதுவது நல்லது. காலை 8.30-க்குத் தேர்வு உள்ளவர் இரவு பதினோரு மணிக்கு மாக் எழுதிப் பழகுவதில் அர்த்தமில்லை.

எந்த ஸ்கோரை உடைக்க வேண்டும் என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. ஐஐஎம்கள் மொத்தப் பெர்சன்டைலோடு பகுதிவாரிக் குறைந்தபட்சமும் கேட்கின்றன. அகமதாபாத், பெங்களூர் போன்றவை பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் கணக்கில் சேர்க்கின்றன. குவான்ட்ஸில் வெளுத்துவாங்கி மொத்தத்தில் 97 பெர்சன்டைலில் நிற்கும் ஒரு பொறியாளர், விஏஆர்சியில் கட்-ஆஃபுக்குக் கீழே இருந்தால், மொத்தத்தை 98 ஆக்குவதால் அவருக்கு அழைப்பு வந்துவிடாது. அவர் முழு மாக்குகளைக் குறைத்துக்கொண்டு, பழைய தாள்களின் விஏஆர்சியை மட்டும் 40 நிமிடத்தில் எடுத்து, நான்கு பத்திகளில் எந்த மூன்றைத் தொடுவது, எதை விடுவது என்று பழகலாம். மொத்த ஸ்கோர் அதே எழுபதில் நின்றாலும் கட்-ஆஃபைத் தாண்ட அது போதுமானதாக இருக்கும்.