ஆட்டத்துக்குள் ஓர் ஒப்பாரி

‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டை ஆட்டப்பாட்டு என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். கல்யாண வீட்டு ஸ்பீக்கரிலும் மலை ஏறும் பஸ்ஸிலும் அது ஓடும்போது கால் தானாகத் தாளம் போடும். அதில் தப்பில்லை. ஆனால் பாட்டு நடுவழியில் ராப்பை விட்டு இறங்கி, பந்தலில் காய்க்கும் பாகற்காயைச் சொல்லிப் புலம்பத் தொடங்குகிறதே, அந்த இடத்தை ஒருமுறை கவனித்துக் கேட்க வேண்டும். அந்தச் சில வரிகள் புதிதாக எழுதியவை அல்ல, வழிவழியாக வந்த ஒப்பாரி. அங்கே அடி தளரவில்லை. ஆடுகிறவர் ஆடிக்கொண்டே இருக்கிறார், பாடுவதோ இழவு.

சோகத்தை ஆட்ட மெட்டில் வைத்தது பெரிய புதுமை என்று நகரத்து விமர்சகர்கள் வியந்தார்கள். தேயிலைத் தோட்டத்துச் சாவு வீட்டைப் பார்த்த யாருக்கும் இது புதுமை ஆகாது. வாசலில் தப்பு அதிர அதிர இளவட்டங்கள் ஆடுவார்கள். உள்ளே பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு மாரடித்துப் பாடுவார்கள். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே துக்கத்துக்கு. அந்த இரண்டையும் ஐந்து நிமிடத்துக்குக் குறைவான ஒரு பாட்டுக்குள் பிசிறில்லாமல் சேர்த்ததுதான் கைத்திறன்.

பாட்டை எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. எஞ்சினியரிங் படித்தவர். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் முன்னின்று உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது அதில் ஒருவராக வெளியே தெரிந்தார். 2019இல் ‘ஆஃப்ரோ’ என்ற இசைக் கலைஞரோடு ‘தெருக்குரல்’ தொகுப்பு வந்தது. அதைக் கேட்டால் அவருடைய அடிப்படைப் பலம் புரியும். மோனையும் எதுகையும் பள்ளிக்கூட இலக்கணமாக இல்லாமல் மூச்சோடு சேர்ந்து வருகின்றன. வல்லினத்தை அடுக்கி அடுக்கிப் போய், சட்டென்று ஒரு நெடிலில் காலை ஊன்றி நிற்பார். தமிழ் ராப்பில் வேகம் காட்டுகிறவர்கள் பலர். எங்கே நிற்பது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2021 மார்ச்சில் பாடகி தீயோடு சேர்ந்து, சந்தோஷ் நாராயணன் இசையில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. சினிமாப் படம் எதற்கும் சொந்தமில்லாத பாட்டு. யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. பிரான்ஸின் டிஜே ஸ்நேக் அதே ஆண்டு அதை ரீமிக்ஸ் செய்தார். எண்ணிக்கை போதும், பாட்டுக்கு வருவோம்.

ராப் பாடுகிறவன் முதலில் தன் பெயரைச் சொல்லி மார் தட்டுவது அந்தக் கலையின் வழக்கம். அறிவு தன் பெயரைச் சொல்லவில்லை. வள்ளியம்மாவின் பேரன் என்றுதான் அறிமுகமாகிறார். வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பியவர். வீடியோவில் அவரே வருகிறார். மற்ற அலங்காரமெல்லாம், என் கணக்கில், கொஞ்சம் கூடுதல். அந்த முகம் ஒன்றே போதும்.

1964 ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தத் தலைமுறையின் வாயில் இருந்த கதை பேரன் வழியாக வெளியே வந்தபோது, இலங்கை மலையகத்தில் அதை வேற்றூர்ப் பாட்டாகக் கேட்க முடியவில்லை.

மரம் வைத்து வளர்த்தவளுக்குத் தாகம் மட்டும் தீராத ஒரு பகுதி பாட்டில் உண்டு. மின் நிலையம் இருக்கும் பொல்பிட்டியவில் இருந்து கேட்டால் அதற்கு உரை தேவைப்படாது. 1969 முதல் இங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். மஸ்கெலி ஓயாத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் களனிக்குப் போகிறது. வெளிச்சம் கொழும்புக்குப் போனது. மேலே தோட்டத் தொழிலாளர் லயங்களில் வெகுகாலம் குப்பி லாம்புதான் எரிந்தது. இன்று அதே லயத்துக் காம்பராவில் சார்ஜில் கிடக்கும் ஃபோனில்தான் பிள்ளைகள் இந்தப் பாட்டைக் கேட்கிறார்கள்.

புகழ் வந்ததும் பங்குச் சண்டையும் வந்தது. 2021இல் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் பேச்சு எழுந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு அரங்கேறியது. எழுதியதும் மெட்டமைத்ததும் தானே என்றார் அறிவு; கூட்டுழைப்பு என்றார் சந்தோஷ் நாராயணன். பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் சொன்னார். மெட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். அந்த நினைவு வள்ளியம்மாளுடையது என்பதில் வழக்குக்கு இடமில்லை. 2024இல் வந்த தன் தொகுப்புக்கு அறிவு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயர் வைத்தார்.

பாட்டு வாயால் பரவுவது மலைக்குப் புதிதில்லை. ஹட்டனை இடமாகக் கொண்டு தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் மேடையில் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர். துரைமாரும் கங்காணிமாரும் காவல் காத்த லயங்களுக்குள் துண்டுப்பிரசுரத்தைவிடப் பாட்டு சுலபமாக நுழைந்தது. பிறகு சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்கள் பாடல்களைக் கேட்டுத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அவர் கைக்கு எட்டாமல் போனவை எத்தனையோ.

இப்போது ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று பல இடங்களில் பிள்ளைகள் ராப் பாடி ஃபோனில் போடுகிறார்கள். குரல் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. ஆனால் இணையத்தில் இலவசமாக இறக்கிய பீட்டின் மேல், பார்த்தே இராத ஊரின் துப்பாக்கியையும் காரையும் பாடுகிறார்கள். நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் தப்படி மாறுகிறதே, அதை ஒரு ராத்திரி உட்கார்ந்து கேட்டால் போதும், பத்துப் பாட்டுக்கு அடி கிடைக்கும். அம்மாயிக்கு ஒப்பாரி தெரிந்தால், அவர் இருக்கும்போதே ரெக்கார்ட் பண்ணி வையுங்கள் தம்பிமாரே. பீட்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.