அக்காவின் பாவாடை

தி.நகரில் ஒரு மாடி அறை. மாணவர்கள் சிலர் சேர்ந்து ‘நானு அவனல்ல அவளு’ படத்தைத் திரையிட்டார்கள். பி.எஸ். லிங்கதேவரு இயக்கிய கன்னடப் படம். நாயகனாக வந்து நாயகியாக மாறும் சஞ்சாரி விஜய்க்கு 2015இல் தேசிய விருது அறிவித்தார்கள். 2021இல் விபத்தில் செத்துப்போனார் அந்த நல்ல நடிகர். கதைக்கு மூலம் லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் எழுதிய ‘நான், சரவணன் வித்யா’. தலித் திருநங்கை ஒருவர் தமிழில் எழுதிய தன்வரலாறு கன்னடத்துக்குப் போய்த்தான் படமாக வேண்டியிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த அறையிலிருந்து கோடம்பாக்கம் நடக்கிற தூரம்.

இங்கே இப்படியொரு பிள்ளைக்கு இரண்டு இடம்தான் இருந்தது. ஒன்று கேலி, இன்னொன்று பேய். 2011இல் வந்த ‘காஞ்சனா’வில், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை நியாயம் கேட்கச் செத்துத்தான் வரவேண்டியிருந்தது. அதே வருஷம் விஜயபத்மாவின் ‘நர்த்தகி’யில் கல்கி சுப்ரமணியம் நடித்தார். எத்தனை பேர் பார்த்தோம்?

கன்னடப் படம் நேர்மையான படம், மறுக்கவில்லை. அக்காவின் துணியில் அந்தப் பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளும் சந்தோஷத்தைக் கேலியில்லாமல் காட்டுகிறது. ஆனால் அப்பா அடிக்கும்போது எனக்கு இடறியது. மானம் போச்சு, ஆம்பளப் புள்ள இப்படியா என்கிற கோபமாகவே அது திரையில் நிற்கிறது. எந்த வீட்டு அப்பாவும் அடிக்கலாம் அப்படி. வித்யாவின் புத்தகத்தில் வருகிற அப்பா வேறு. பெண்பிள்ளைகளுக்குப் பிறகு தவமிருந்து பெற்ற மகன். அவன் படித்துத்தான் சேரியிலிருந்து குடும்பம் கரையேற வேண்டும். படிப்பில் சறுக்கினாலும் அடி, நடையில் நளினம் தெரிந்தாலும் அடி. இரண்டும் ஒரே அடி. அவன் பெண்ணாகிவிட்டால் இருந்த ஒரே ஏணியும் போய்விடும். இந்தப் பயத்துக்குச் சாதி இருக்கிறது. படத்தின் மையத்துக்கு அது வரவே இல்லை.

இதைச் சொன்னபோது, அடையாறிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, “இது மனசு சம்பந்தப்பட்ட விஷயங்க, இதுல போய் ஏன் ஜாதிய இழுக்கறீங்க?” என்று கேட்டார். நான் இழுக்கவில்லை அம்மா. அது அந்தப் பிள்ளை முதுகிலேயே இருந்தது.

எனக்கு மந்தைவெளிப் பக்கம் குடிசை மாற்று வாரிய வீடு. எங்க பிளாக்கில் ஒரு பையன் இருந்தான். தண்ணி லாரி வந்தால் பொம்பளைங்க வரிசையில்தான் குடத்தோடு நிற்பான். “இன்னாடா ஒம்போது, லிப்ஸ்டிக் எங்கடா?” என்று முதலில் கத்தியது யாரென்று கேட்டால் என்னையும் காட்டலாம். வெளியே பள்ளிக்கூடத்தில் என்னைச் சாதி சொல்லிக் கூப்பிட்டவர்களிடம் வாய் திறக்காத நான், பிளாக்குக்குள் வந்து இவனிடம் அதைத் தீர்த்துக்கொண்டேன். எட்டாவதோடு அவன் காணாமல் போனான். ‘அப்பன் அடிச்சி வளர்த்ததாலதான் ஆளானேன்’ என்று நம் எழுத்தில் எத்தனை பேர் பெருமையாக எழுதியிருக்கிறோம். அதே அடியில் வீட்டைவிட்டு ஓடியவர்கள் அந்தப் பக்கங்களில் இல்லை.

ஒன்றையும் சொல்ல வேண்டும். இதே மயிலாப்பூர் சபாக்கள் நர்த்தகி நடராஜைக் கொண்டாடுகின்றன. 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார், சந்தோஷம். சிறு வயதில் வீட்டில் இருக்க முடியாமல் வெளியேறி, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் கற்றுத் தானே சம்பாதித்த மேடை அது. ஆடத் தெரியாத பிள்ளைகள் எங்கே நிற்பது?

கடைசியில் ஒரு மாணவி எழுந்தாள். “அந்தப் பாவாடை அக்காவோடதுதானே. அக்காவ யாராச்சும் படிக்கச் சொன்னாங்களா?” என்றாள். அறையில் சத்தமில்லை. தம்பி புத்தகத்தோடு உட்கார வேண்டும் என்பதற்காகப் பாத்திரம் தேய்த்தவர்கள் வித்யாவின் அக்காமார்கள். அவர்களோடு சேர்ந்து தேய்க்க அந்தப் பிள்ளைக்கு ஆசை, விடமாட்டார்கள். அக்காவுக்கு விதித்தது தம்பிக்கு மறுப்பு, தம்பிக்கு விதித்தது அக்காவுக்கு மறுப்பு. நானோ அப்பா, மகன் என்றே அதுவரை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அறையைப் பூட்ட ஆள் வந்துவிட்டார், படியிறங்கினோம்.