மீடியன் சம்பளம் யாருடைய சம்பளம்?

போன மே மாசம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினார். தூரத்துச் சொந்தம். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள், 600க்கு ஐந்நூறு சொச்சம். "தம்பி, நீதான் ஆராய்ச்சி அது இதுன்னு எழுதுறவன். பி.எஸ்சி. கணக்குல சேக்கவா, பி.சி.ஏ.ல சேக்கவா, இல்ல கடன ஒடன வாங்கி இன்ஜினியரிங்லயே சேத்துவுட்ரவா? எதப் படிச்சா என்ன சம்பளம் வரும்னு மட்டும் சொல்லு, போதும்."

நியாயமான கேள்வி. ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாளில் தேடிப் பார்த்ததைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன். அக்காவுக்கு ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். எண்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை எதுவும் அவர் கேட்ட கேள்விக்கான பதில் கிடையாது.

முதலில் பிளெக்ஸ் பேனர்கள். அட்மிஷன் சீசனில் மதுரையிலிருந்து எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ஒரு கல்லூரி விளம்பரம் கூடவே வரும். அதில் பெரிதாக இருப்பது 'அதிகபட்ச பேக்கேஜ்'. ஆயிரம் பேரில் ஒருவர் வாங்கிய சம்பளம் மீதி 999 பேரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம், அதனால் பெரிய ஆபத்தும் இல்லை. அக்காவே "அந்த ஒத்தப் புள்ள போட்டோவத்தான் எல்லா வருசமும் போடுறாய்ங்க" என்று சிரித்தார்.

ஆபத்து, நம்பகமாகத் தெரியும் எண்ணில் இருக்கிறது. 2016 முதல் ஒன்றிய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் தங்கள் விவரங்களைக் கொடுக்கின்றன. அந்த அறிக்கையைக் கல்லூரியின் இணையதளத்திலேயே பார்க்கலாம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குத் தேர்வானவர்கள் எத்தனை பேர் என்று ஒரே அட்டவணை. மீடியன் என்றால், எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் ஆளின் சம்பளம். சராசரியைவிட இது நேர்மையானது. ஒரு ஆள் முப்பது லட்சம் வாங்கினாலும் இது எகிறாது. அதனால்தான் படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன்.

இந்த எண்ணில் எனக்குத் தெரியும் குறைகள் மூன்று.

ஒன்று, வரிசையில் நிற்பவர்கள் வேலை கிடைத்தவர்கள் மட்டும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பை 500 பேர் முடிக்கிறார்கள். 120 பேருக்கு வேலை, மீடியன் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். 200 பேர் மேற்படிப்பு. அட்டவணை முடிந்தது. மீதி 180 பேர் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவர்களையும் பூஜ்யத்தோடு வரிசையில் நிறுத்தினால் வேலைச் சந்தைக்கு வந்த 300 பேரில் நடுவில் நிற்பவரின் சம்பளமும் பூஜ்யம். 180 பேரும் சும்மா இருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. பலர் சொந்தக் கடையிலோ, விளக்குத்தூண் ஜவுளிக்கடையிலோ, தோட்டத்திலோ இருப்பார்கள். ஆனால் மாதம் இருபதாயிரம் என்று நாம் வாசிக்கும் எண்ணில் அவர்களுக்கு இடமில்லை. நீங்களும் எந்தக் கல்லூரியின் அறிக்கையை எடுத்தாலும் முடித்தவர்களிலிருந்து இந்த இரண்டு கட்டங்களையும் கழித்துப் பாருங்கள். அந்த மிச்சம்தான் முதலில் பார்க்க வேண்டிய எண். அதை அறிக்கையில் எங்கேயும் அச்சடித்திருக்க மாட்டார்கள்.

இரண்டு, 'மேற்படிப்பு' என்பது வெற்றிக் கணக்கில் சேர்கிறது. எம்.எஸ்சி.யில் ஆசையாகச் சேர்ந்த பெண்ணும், வேலை கிடைக்காததால் "சரி, ஒரு பி.எட். போட்டு வைப்போம்" என்று சேர்ந்த பையனும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு அது ஏணி. இன்னொருவனுக்குக் காத்திருப்பு அறை.

மூன்றாவதுதான் அக்காவின் கேள்விக்கு நேராக வருவது. அந்த அட்டவணையில் பாடமே கிடையாது. மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் எல்லாம் ஒரே வரி. வரலாறு, தமிழ், கணக்கு, பி.காம்., பி.சி.ஏ. எல்லாம் அதற்குள். மதுரையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948இன் லேடி டோக், 1949இன் தியாகராசர் என்று பத்துப் பதினைந்து துறைகள் கொண்ட பழைய கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கல்லூரியை ஒரே வரியில் அடக்கினால் எந்தத் துறை மீடியனைத் தூக்கியது, எந்தத் துறை அதற்குள் ஒளிந்துகொண்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதே கட்டடத்தில் எய்டட் பிரிவு ஒரு கட்டணம், செல்ஃப் பைனான்ஸ் பிரிவு ஒரு கட்டணம். பட்டம் ஒன்றுதான். அந்த வித்தியாசத்தையும் அந்த வரி விழுங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, பாடவாரியாக ஒரு பட்டியல் வெளியிடுகிறது. வேலையின்மை எவ்வளவு, பட்டம் தேவைப்படாத வேலையில் இருப்பவர்கள் எவ்வளவு, 22 முதல் 27 வயதில் சம்பளம் என்ன, 35 முதல் 45 வயதில் என்ன. இந்த இரண்டு வயதுகளையும் பிரித்ததுதான் எனக்குப் பிடித்தது. முதல் சம்பளத்துக்கும் பத்துப் பதினைந்து வருசம் கழித்து வரும் சம்பளத்துக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது.

நம்மூரில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 42 சதவீதத்துக்கு மேல். 35 வயதைத் தாண்டியவர்களிடம் 5 சதவீதத்துக்கும் கீழே. அதாவது கடைசியில் எல்லோரும் ஏதோ ஒரு வேலையில் ஒட்டிக்கொள்கிறார்கள். படித்ததற்கேற்ற வேலையா, ஆசைப்பட்ட சம்பளமா என்பது வேறு கேள்வி. அதுவரை யாரால் காத்திருக்க முடிந்தது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

காத்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூட்டம் அங்கே எப்போதும் இருக்கும். 2022இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை 7,301 இடங்களுக்கு அறிவித்தார்கள். 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம். அதில் வரும் இளநிலை உதவியாளர் வேலைக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய், தகுதி பத்தாம் வகுப்பு. அங்கே பி.இ. மெக்கானிக்கலும் பி.ஏ. வரலாறும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பார்கள். 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பாடத்திலிருந்து. "தமிழ் படிச்சா சோறு போடுமா" என்று சொல்லி இன்ஜினியரிங் அனுப்பப்பட்ட பையன், நாலு வருசம் கழித்து இலக்கணக் குறிப்பு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் பாடம் முக்கியமே இல்லையா? அப்படிச் சொல்லிவிட்டால் அது சோம்பேறித்தனம். நார்வேயில் கிர்க்கெபோன், லூவன், மோக்ஸ்டாட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2016இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அங்கேயும் நம்மைப் போல ஒரே மையத்தில் விண்ணப்பம், கட் ஆஃப் வைத்து ஒதுக்கீடு. கட் ஆஃப்பை மயிரிழையில் தாண்டி ஒரு பாடத்தில் சேர்ந்தவர்களையும், மயிரிழையில் தவறவிட்டு அடுத்த விருப்பத்துக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். அதனால் பின்னாளில் வரும் சம்பள வித்தியாசத்தைப் பாடத்தின் கணக்கில் எழுதலாம். அந்த வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. எந்தக் கல்லூரி என்பதைவிட எந்தப் பாடம் என்பதுதான் அதிகம் பேசியது. இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு பாடத்தால் உனக்கு எவ்வளவு லாபம் என்பது, அது கிடைக்காவிட்டால் நீ வேறு எதைப் படித்திருப்பாய் என்பதைப் பொறுத்தது.

நார்வேயின் எண்கள் உசிலம்பட்டிக்குப் பொருந்தாது. ஆனால் அந்த முறை பொருந்தும். பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடும் கட் ஆஃப், இட ஒதுக்கீட்டுவாரி தரவரிசை, யாருக்கு எந்தக் கல்லூரி எந்தப் பிரிவு என்ற பட்டியல் எல்லாம் அரசிடம் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய நான் முதல்வன், புதுமைப்பெண் திட்டங்கள் வழியாக மாணவர்களின் விவரங்களும் இருக்கின்றன. வருங்கால வைப்புநிதிக் கணக்குகளோடு, பெயரில்லாமல், இதை இணைத்தால் பாடவாரியாக ஒன்று, மூன்று, ஐந்து வருசக் கணக்கு போடலாம். வைப்புநிதி இல்லாத வேலைகள் அதில் விடுபடும். அதற்குத் தனியாகக் கேட்டு அறிய வேண்டும். வேலை அதிகம்தான், ஆனால் செய்ய முடியாததில்லை.

இப்படிக் கணக்கு வெளியானால் வரலாறும் தத்துவமும் செத்துப்போகும் என்று பேராசிரிய நண்பர் ஒருவர் பயப்படுகிறார். பயம் புரிகிறது. ஆனால் கணக்கு இல்லாத இப்போது மட்டும் அவை வாழ்கின்றனவா? கணக்கு இல்லாத இடத்தைப் பிளெக்ஸ் பேனரும் பக்கத்து வீட்டு மாமாவும் நிரப்புகிறார்கள். தெரிந்தே வரலாறு எடுக்கும் பிள்ளைக்கும், வேறு சீட் கிடைக்காமல் எடுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

ரெண்டு நாள் கழித்து அக்காவிடம் எண் எதுவும் சொல்லவில்லை. "அட்மிஷனுக்குப் போறப்ப துறைத் தலைவரைப் பாத்து ஒண்ணு மட்டும் கேளுங்கக்கா. மூணு வருசத்துக்கு முன்னாடி இந்த கிளாஸ்ல முடிச்ச பிள்ளைகள் எல்லாம் இப்ப எங்க இருக்காங்க?" என்றேன். வேலை கிடைக்க ரெண்டு வருசம் ஆனால் வீடு தாங்குமா என்பதையும் உட்கார்ந்து பேசச் சொன்னேன். கடன் வாங்குவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், தவணை காத்திருக்காது.

அக்கா இரண்டு கல்லூரியில் கேட்டிருக்கிறார். ஒன்றில் "அதெல்லாம் பிளேஸ்மென்ட் செல்லுல கேளுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்களாம். இன்னொன்றில் கணக்குத் துறை மேடம் போனை எடுத்து, பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவைத் திறந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். இவள் வங்கியில், இவள் பள்ளியில், இவளுக்குக் கல்யாணமாகி திருப்பூரில், இவள் இன்னும் படித்துக்கொண்டு. நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தோரு பேரைச் சொன்னாராம்.

மகளை அங்கேதான் சேர்த்திருக்கிறார்.