ஜெனீவாவுக்கு ஒரு மனு: செலவு யாருடையது?

ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிநபர் மனு செய்யக் கட்டணம் கிடையாது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் குடியிருக்கும் ஒரு தமிழர், இலங்கைச் சிறையிலுள்ள தம் சகோதரருக்காக, அவருடைய எழுத்துமூல ஒப்புதலுடன் அங்கிருந்தே மனு அனுப்பலாம். இதற்கு வழிசெய்யும் விருப்ப நெறிமுறை என்னும் ஒப்பந்தத்தில் நியூசிலாந்து 1989இலும் இலங்கை 1997இலும் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை, அதனால் இந்திய அரசுக்கு எதிராக இந்த வழி இல்லை.

பெயரில்லாத மனு ஏற்கப்படாது. உள்நாட்டில் உள்ள பரிகாரங்களையெல்லாம் முதலில் நாடியிருக்க வேண்டும். அது முடிந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தாமதித்தால் தக்க காரணம் காட்ட நேரலாம். பிறகு அரசின் பதில், மனுதாரரின் மறுமொழி. ஏறக்குறைய எல்லாமே எழுத்துமூலம் நடப்பவை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால், நாடுகடத்தலை நிறுத்திவைக்கும்படி குழு அரசிடம் இடையிலேயே கேட்கலாம். இந்த நடைமுறையின் மிகப் பெரிய பலம் அதுதான்.

பலவீனத்தை இலங்கைத் தமிழரான சிங்கராசாவின் வழக்கு காட்டியது. 1993இல் கைதான அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை வைத்தார். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் பயங்கரவாதத் தடைச் சட்டப்படி அவர்மீதே விழுந்தது. ஐம்பது ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் முப்பத்தைந்து ஆனது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று 2004இல் குழு முடிவு செய்தது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றமோ, நாடு நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது.

அந்த மனுவை நடத்தியவை கொழும்பு மனித உரிமைகள் இல்லம், லண்டன் இன்டர்ரைட்ஸ் என்னும் தொண்டு நிறுவனங்கள். ஐ.நா. வழக்கறிஞர் வைத்துத் தருவதில்லை. தொண்டு நிறுவனம் கைகொடுத்தால் உண்டு. இன்டர்ரைட்ஸும் 2014இல் மூடப்பட்டது. செல்வ நாடான நியூசிலாந்தின் நிலையும் இதில் பெருமைக்குரியதன்று. மாவோரி மனுதாரர்கள் குழுவை அணுகச் சட்ட உதவி கேட்ட டாங்கியோரா வழக்கில், அந்நாட்டின் அன்றைய சட்ட உதவிச் சட்டத்தின் வரம்புக்குள் ஐ.நா. குழு வராது என்று அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1999இல் தீர்ப்பளித்தது. மனு செய்யும் உரிமையை ஒப்புக்கொண்ட அரசு அதற்கான செலவை ஏற்காதது, உரிமையைப் பாதியாகக் கொடுப்பதே.

ஆனால் ஆக்லாந்தில் புகலிடம் கேட்போரின் அகதிக் கோரிக்கைக்கும், குடிவரவு மற்றும் பாதுகாப்புத் தீர்ப்பாய மேல்முறையீட்டுக்கும் சட்ட உதவி உண்டு. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு பத்து வேலை நாட்கள்; தடுப்புக்காவலில் இருப்பவருக்கு ஐந்தே. உள்நாட்டில் எழுப்பாத குறையை ஜெனீவாவில் புதிதாக எழுப்பினால், பரிகாரம் தேடவில்லை என்று மனு தள்ளுபடியாகலாம். ஆகவே வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் உடனிருக்கும் முதல் வாக்குமூலத்திலேயே அடி, மிரட்டல், காவல், கையொப்பம் அனைத்தையும் தேதியோடு பதிவுசெய்துவிட வேண்டும்.