கொதித்தவர் குளிர்ந்தாரா?

பாட்டிலே போலீசைப் பழித்தவர், படத்திலே போலீசாக வருகிறார்! கேட்டதும் இதழோரம் நகை அரும்பும். 1992இல் அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவரும் துணைத் தலைவரும் வெளிப்படையாகக் கண்டித்த பாடகர் ஒருவர். 2000ஆம் ஆண்டு முதல், அதே நாட்டின் இல்லந்தோறும் தொலைக்காட்சிப் பெட்டியிலே தோன்றி, கயவரைத் துரத்திப் பிடிக்கும் துப்பறிவாளர் ஒருவர். 2023 பிப்ரவரியில் ஹாலிவுட் நடைபாதையில் பெயர் பொறித்த விண்மீனைப் பெற்ற நடிகர் ஒருவர். மூவரும் ஒருவரே. அவர்தான் ஐஸ்-டி.

இவரைப் பற்றி இரு தீர்ப்புகள் உலவுகின்றன. 'விலை போனார்' என்பது ஒன்று. 'திருந்தினார்' என்பது மற்றொன்று. முன்னது பழைய அன்பர்களின் பெருமூச்சு. பின்னது பழைய பகைவர்களின் வெற்றிப் புன்னகை. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏன் எனில், இரண்டுமே அவருடைய படைப்பைப் பாராமல் அவருடைய பணப்பையையும் பட்டயத்தையும் மட்டுமே பார்த்துச் சொல்லப்பட்டவை. திறனாய்வுக்கு வேலை வேறு. என்ன பாடினார், எவர் வாயாகப் பாடினார், எவர் அஞ்சினர், ஏன் அஞ்சினர், பின்னர் எதை நடித்தார் என்று வரிசையாகக் கேட்பதே அதன் கடமை.

ட்ரேசி லாரன் மாரோ என்பது அவருடைய இயற்பெயர். 1958இல் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பின்னர்த் தந்தையையும் இழந்தார். உறவினர் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அழைத்துக்கொண்டனர். கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் அந்நகரின் தென்பகுதியில், கும்பல்களுக்கு நடுவே வளர்ந்தார். படையில் சேர்ந்து பணியாற்றினார். திருட்டுத் தொழிலிலும் புகுந்தார். இதைப் பிறர் கண்டுபிடித்துத் தூற்றவில்லை. 2011இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் அவரே விளக்குகிறார். தம்முடைய மேடைப் பெயரைக்கூட, பரத்தையரை வைத்துப் பிழைத்துப் பின் எழுத்தாளராக மாறிய ஐஸ்பெர்க் ஸ்லிம் என்பவரின் பெயரைத் தழுவியே அமைத்துக்கொண்டார்.

ராப் என்பது நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் பிறந்த கலை. இசைக் கருவி வாங்க வழியற்ற இளைஞர், பழைய இசைத்தட்டுகளைச் சுழற்றித் தாளம் எடுத்து, அதன்மேல் எதுகையும் இயைபும் துள்ளப் பேச்சை ஏற்றினர். கிழக்குக் கரையில் பிறந்த அக்கலைக்கு மேற்குக் கரையில் புது உருத் தந்தவருள் ஐஸ்-டி முன்னவர். 1986இல் வெளிவந்த அவருடைய பாடல் ஒன்று, காலை ஆறு மணிக்குப் போலீசார் கதவைத் தட்டுவதோடு தொடங்குகிறது. ஓடுகிறவன் கதை சொல்கிறான். அறிவுரை இல்லை, அழுகை இல்லை. ஒரு தெருவின் ஒரு நாளை, அத்தெருவின் பேச்சிலேயே காட்டுகிறான். 1987இல் வந்த 'ரைம் பேஸ்' முதலாக, அவருடைய இசைத்தட்டுகளின் வலிமை இந்த நேர்முகக் கூற்றில்தான் இருக்கிறது. சேரியின் கதையை மேட்டுக்குடியார் சொல்லக் கேட்ட உலகம், சேரியே பேசக் கேட்டது.

ஆயின், அந்தக் குரலின் குறையையும் நாம் மறைக்கப்போவதில்லை. அடக்குமுறையை எதிர்த்த அந்த நாவே, பெண்ணைப் பொருளாகவும் விலைச்சரக்காகவும் பாடியது. பரத்தைத் தரகனின் பகட்டைப் பெருமையாகக் காட்டியது. 'தெருவில் உள்ளதைத்தான் பாடினேன்' என்ற விடை இங்கே செல்லாது. போலீசின் தடியை அவர் பாடும்போது அடிபட்டவன் பக்கம் நின்று பாடினார். பெண்ணைப் பாடும்போது அடித்தவன் பக்கம் நின்று பாடினார். தன் முதுகில் விழுந்த அடியை மட்டும் எண்ணுபவன், விடுதலையைப் பாதிதான் கற்றவன்.

இனி, பெரும் புயலுக்கு வருவோம். 1991 மார்ச் 3ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைச் சூழ்ந்து நின்று தடியால் அடித்தனர். அதை ஒருவர் ஒளிப்படக் கருவியில் பதிவு செய்தார். உலகமே கண்டது. குற்றஞ் சாட்டப்பட்ட போலீசார் நால்வர். அவர்களை எக்குற்றத்திற்கும் உரியவராகக் காணாமல் நடுவர் குழு விடுவித்த நாள் 1992 ஏப்ரல் 29. அன்று மூண்ட தீயில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த ஆண்டின் மார்ச்சுத் திங்களில், தீ மூளும் முன்னரே, 'பாடி கவுண்ட்' என்ற தம் குழுவின் முதல் இசைத்தட்டை ஐஸ்-டி வெளியிட்டிருந்தார். அதில் இருந்த 'காப் கில்லர்' என்ற பாடல், போலீசாரின் கொடுமையால் வெறிகொண்டு பழிவாங்கப் புறப்படும் ஒருவன் கூற்று. அது ராப் பாடலே அன்று. இடிமுழக்கக் கிட்டார்களோடு கூடிய ராக் இசை. ஆயினும் தூற்றியோர் அதை ராப் என்றே தூற்றினர். பாடியவரின் நிறத்தைப் பார்த்தே பாட்டின் வகையை முடிவு செய்துவிட்டனர்!

ஜூன் திங்களில் டெக்சாஸ் மாநிலப் போலீசார் சங்கம் ஒன்று, டைம் வார்னர் நிறுவனத்தின் பண்டங்களைப் புறக்கணிக்குமாறு அறைகூவியது. துணைத் தலைவர் டான் குவேல் கண்டித்தார். குடியரசுத் தலைவர் புஷ் கண்டித்தார். ஜூலையில் கூடிய பங்குதாரர் கூட்டத்தில், திரையில் மோசஸாக நடித்துப் புகழ்பெற்ற சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்து, பாடல் வரிகளை உரக்கப் படித்துக் காட்டினார். நிறுவனத்தின் ஊழியர்க்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஜூலை 28ஆம் நாள், பாடலைத் தாமே நீக்குவதாக ஐஸ்-டி அறிவித்தார்.

பாட்டில் கொலை வரலாமா என்பதுதான் அங்கே எழுந்த வினாவா? அன்று. ஜானி கேஷ் 1955இல் பாடிய பாடல், காரணமின்றிக் கொலை செய்தவன் வாய்மொழியாக வருவது. 1968இல் அதைச் சிறைக்கூடத்திலேயே கைதிகள் முன் பாடினார். அந்தத் தட்டு போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. ஷெரீப்பைச் சுட்டதாகக் கூறும் பாடலை 1973இல் ஜமைக்காவின் பாப் மார்லி தந்தார். அதையே 1974இல் வெள்ளையரான எரிக் கிளாப்டன் பாடினார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. எந்தக் குடியரசுத் தலைவரும் கொதிக்கவில்லை. எந்தப் பங்குதாரர் கூட்டத்திலும் மோசஸ் எழவில்லை.

ஒப்புமையை அளவு மீறி நீட்டவும் நாம் விரும்பவில்லை. ஐஸ்-டியின் பாடல், பதவியிலிருந்த நகரப் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸைப் பெயர் சொல்லி இகழ்ந்தது. எரிகின்ற நகரின் காதில் விழுந்தது. பணிக்குச் சென்ற கணவன் வீடு திரும்புவானா என்று வாசலில் நிற்கும் போலீஸ்காரன் மனைவியின் அச்சம் பொய்யன்று. கொலை நீதியாகாது, ஒரு சட்டையைக் கண்டு ஒருவனைக் கொல்லலாம் என்பது, ஒரு தோலைக் கண்டு ஒருவனை அடிக்கலாம் என்பதன் உடன்பிறப்பே. அந்தப் பாடல் கோபத்தைக் காட்டிற்று. கோபத்திற்கு அப்பால் செல்லும் வழியைக் காட்டவில்லை. இது அதன் கலைக்குறை. ஆனால், குறையுள்ள பாட்டுக்கு விடை திறனாய்வா, மிரட்டலா?

இங்கே ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதலாவது திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது. அரசின் கையைக் கட்டுகிறது. அதனால் அந்தப் பாடலை எந்த நீதிமன்றமும் தடை செய்யவில்லை. தேவையும் நேரவில்லை! அரசின் கையைக் கட்டிய சட்டம், வணிகத்தின் கையைக் கட்டவில்லை. பங்கு விலை என்னும் கயிறு போதுமானதாக இருந்தது. 1989இலேயே தம் இசைத்தட்டு ஒன்றின் தலைப்பில் 'பேச்சுரிமை உண்டு, ஆனால் பேசும்போது பார்த்துப் பேசு' என்ற கருத்தை எள்ளலாகப் பொறித்தவர் அவர். மூன்றே ஆண்டுகளில் அந்த எள்ளல் அவர் வாழ்வாயிற்று.

அடுத்து நடந்தது இன்னும் தெளிவானது. 'ஹோம் இன்வேஷன்' என்ற அடுத்த இசைத்தட்டின் அட்டையில், காதொலிக் கருவி அணிந்து கறுப்பர் இசையில் ஆழ்ந்திருக்கும் வெள்ளைச் சிறுவனின் ஓவியம் இருந்தது. அவனைச் சுற்றி வன்முறைக் காட்சிகள். அதை வெளியிட நிறுவனம் தயங்கிற்று. 1993 தொடக்கத்தில் இருவரும் பிரிந்தனர். தட்டு வேறு நிறுவனத்தின் வழியே வந்தது. ஓவியத்தைப் பாருங்கள், அச்சத்தின் வேர் புலப்படும். கறுப்பன் கோபம் சேரிக்குள்ளே கிடந்தவரை எவருக்கும் உறக்கம் கெடவில்லை. வெள்ளையர் வீட்டுப் பிள்ளையின் அறைக்குள் அது புகுந்தபோதுதான், பண்பாடு பாழாயிற்று என்ற ஓலம் எழுந்தது.

இனி நடிப்பு. 'பாடலுக்குப் பின் பயந்துபோய் போலீஸ் வேடம் பூண்டார்' என்போர் ஆண்டுக் கணக்கைப் பார்க்கட்டும். மேரியோ வான் பீபிள்ஸ் இயக்கிய 'நியூ ஜாக் சிட்டி' படத்தில் அவர் மறைவேடப் போலீஸ்காரராக நடித்தார். அது வெளிவந்தது 1991 மார்ச்சில், ராட்னி கிங் அடிபட்ட அதே வாரத்தில். புயலெழுந்த 1992க்கு ஓராண்டு முன்னரே. ஆக, வேடத்தை வேடமாகக் காணும் கண் அவருக்கு முன்பே இருந்தது. போலீசாக நடித்ததனால் போலீசாகிவிடவில்லை என்றால், கொலையாளி கூற்றைப் பாடியதனால் கொலையாளியாகிவிடுவாரா? முன்னதை நடிப்பு என்று கைதட்டியவர்கள், பின்னதை வாக்குமூலம் என்று கைவிலங்கு தேடினர். வெள்ளையனுக்குக் கற்பனை உண்டு. கறுப்பனுக்கு ஒப்புதல் மட்டுமே உண்டு என்ற எண்ணந்தான் இந்த இரட்டை அளவுகோலின் பிடி.

டிக் வுல்ப் படைத்த 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' தொடரில், 2000ஆம் ஆண்டு பின் டுட்டுவோலா என்ற துப்பறிவாளராக நுழைந்தார். சில வாரங்களுக்கென வந்தவர் கால் நூற்றாண்டுக் காலம் நிலைத்தார். நடிகராக அவருடைய எல்லை அகன்றதன்று. முகம் அதிகம் மாறாது, குரல் உயராது. ஆனால் அந்த வறண்ட தொனியும், எதையும் முன்பே கண்டுவிட்ட கண்ணும், பாடத்தால் வந்தவையல்ல, வாழ்வால் வந்தவை. பெண்டிர்க்கும் சிறார்க்கும் இழைக்கப்படும் கொடுமைகளே அத்தொடரின் கரு. முன்பு பெண்ணை இழித்துப் பாடிய வாய், அங்கே இழிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நின்று பேசுகிறது. எழுதித் தந்த உரையே ஆயினும், அந்த நிலைமாற்றத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் தொடரின் அமைப்பைப் பற்றி ஒரு சொல். ஒரு மணி நேரத்தில் குற்றம் பிறந்து, துப்புத் துலங்கி, தீர்வு வந்துவிடுகிறது. துப்பறிவாளர் விதியை மீறினால், நல்லெண்ணத்தால் மீறினார் என்று நம் நெஞ்சம் இசைந்துவிடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் குற்றத் தொடர்கள் அநீதியை இயல்பானதாகக் காட்டுகின்றன என்று 'கலர் ஆப் சேஞ்ச்' என்ற குடியுரிமை அமைப்பு 2020 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு மே 25ஆம் நாள் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரனின் முழங்கால் அழுந்தியது. மீண்டும் ஒளிப்படம், மீண்டும் உலகம் கண்டது. 1992இன் பாட்டு பேசிய அந்தப் போலீஸ்காரன், அத்தொடரின் அறைகளில் பெரும்பாலும் முகங்காட்டாதவன். பாடகர் கண்ட உண்மையில் பாதியை நடிகர் பேச வழியில்லாமற் போயிற்று. இதுவே அவர் பெற்ற வாழ்வுக்கு அவர் தந்த விலை.

முழுவதும் தந்துவிட்டாரா? இல்லை. நடிப்புக்கு இடையே பாடி கவுண்ட் குழுவை அவர் கைவிடவில்லை. 2017இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டில், நிறத்தோடு வறுமையையும் சேர்த்துக் குற்றஞ் சாட்டும் பாடல் இருக்கிறது. ஏழை எந்நிறத்தவனாயினும் மலிவானவனே என்ற தெளிவு அதில் பிறந்திருக்கிறது. இது 1992இன் கோபத்தைவிட முதிர்ந்த கோபம். 2021இல் அக்குழுவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. அன்று மிரட்டல் பெற்ற அதே குழு!

எனவே, கொதித்தவர் குளிர்ந்தாரா என்ற வினாவே பாதி பிழை. மனிதர் முதிர்ந்தார், பிழைப்பைத் தேடினார், குறைகளில் சிலவற்றைக் கடந்தார். கலைஞன் சாகும்வரை கொதித்துக்கொண்டே கிடக்க வேண்டும், நாம் திண்ணையில் அமர்ந்து குளிர்காய வேண்டும் என்பது என்ன நீதி? கேட்க வேண்டிய வினா வேறு. கொதிக்க வைத்த அடுப்பு அணைந்ததா? 1991க்கும் 2020க்கும் இடையே இருபத்தொன்பது ஆண்டுகள். கொதித்தவருக்கு வீடு கிடைத்தது, விண்மீன் கிடைத்தது, விருது கிடைத்தது. அடிபட்ட தெருவுக்கு என்ன கிடைத்தது?

எதிர்ப்பவனை அழிக்க இயலாத சமுதாயம், அவனை அணைத்துக்கொள்ளும். அணைப்பு அன்பாகவும் இருக்கலாம். வாய்பொத்தும் கையாகவும் இருக்கலாம். எது என்று அறிய ஒரே உரைகல் உண்டு: அவனை ஏற்ற சமுதாயம், அவன் சொன்னதையும் ஏற்றதா? ஐஸ்-டியை ஏற்றது அமெரிக்கா. அவர் சொன்ன குறையைத் தீர்த்ததா என்ற வினாவுக்கு, விண்மீன் பதித்த அந்த நடைபாதை விடை சொல்லாது. அவர் வளர்ந்த தெருவின் நடைபாதைதான் சொல்ல வேண்டும்.