மாசற்றவன் மனிதன் அல்லன்

“பகுத்தறிவு பேசுகிறவனுக்கு மாயக் கதை எதற்கு?” என்று தோழர்கள் சிலர் கேட்கின்றனர். பறக்கும் கம்பளமும், பேசும் கிளியும், கேட்டதைத் தரும் கிண்ணமும் மக்களை மடமையில் ஆழ்த்திவிடும் என்பது அவர்தம் அச்சம். அச்சம் நியாயமானதே. ஆனால், திருடன் புகாத வாயிலில் அது காவல் நிற்கிறது!

அட்டுவம்பட்டியில் நான் பாடம் சொல்லும் பிள்ளைகளுக்கு விக்கிரமாதித்தன் கதை தெரியும். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது என்றதும் சிரிக்கிறார்கள். அது கதை என்பதை அவர்கள் அறிவர். ஆனால், “அந்த மன்னன் ஒருநாளும் தவறியதே இல்லை” என்று சொல்லும்போது எவரும் சிரிப்பதில்லை, கைகட்டிக் கேட்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பேசும் வேதாளம் எவரையும் ஏமாற்றவில்லை. பிழையே செய்யாத மனிதன்தான் ஏமாற்றுகிறான். தவறே அறியாத தலைவன் என்பவன் யார்? மணியும் கற்பூரமும் இல்லாத கடவுள், அவ்வளவே!

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். ஒரு பெண் தன் மார்பைத் திருகி எறிந்தாள், மாநகர் எரிந்தது என்பதை அறிவு ஏற்காது. ஆயினும் படிக்கையில் நெஞ்சம் பதறுகிறதே, ஏன்? அந்த நெருப்புக்கு முன் நடந்தவை அனைத்தும் மனிதர் செய்யும் பிழைகள். மனைவியைப் பிரிந்து பொருளை இழந்தவன் கோவலன். ஊடிச் சென்ற தேவியைத் தேற்றப் போகும் வழியில், பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, ஆராயாமல் கொலைக்கு ஆணையிட்டவன் பாண்டியன். அவன் கொடுங்கோலன் அல்லன், அவசரக்காரன். வீட்டிலும் வீதியிலும் நாம் நாள்தோறும் காணும் அவசரம்தான் அது. ஆனால், அரியணையில் இருப்பவனின் அவசரம் ஓர் உயிரைக் குடித்துவிட்டது. சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் அவன் சாக்குச் சொல்லவில்லை. காவலன்மீது பழி போடவில்லை. அரியணையிலேயே உயிர் விட்டான். அந்த மன்னனை நாம் நம்புகிறோம். அவனை நம்புவதால்தான் எரியும் மதுரையையும் நம்புகிறோம்.

நம் காலத்துக்கு வருவோம். 1948-இல் மறைந்த புதுமைப்பித்தன் நம் முகாமைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால், அவர் எழுதிய ‘சாப விமோசனம்’ நம் தோழர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கதை. கல் பெண்ணாகிறது, அது மாயம். பெண்ணான அகலிகையோ ஊரார் பார்வைக்குக் கூசி, பேச்சுக்கு அஞ்சி, பிறர் சொல்லில் எல்லாம் இரட்டைப் பொருள் தேடி நடுங்குகிறாள்; அது வாழ்க்கை. இராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று அறிந்ததும் மீண்டும் கல்லாகிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்ற கேள்வி அந்தக் கல்லில் உறைந்து நிற்கிறது. ஆசிரியர் இராமனை ஏசவில்லை. அவன் செய்ததைச் சொன்னார். நாம் மேடைதோறும் இடித்துரைத்ததை அந்தப் பெண்ணின் மௌனம் உரக்கச் சொல்லிவிட்டது.

இனி, நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்தது. 1948-இல் அன்றைய அரசு அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அத்தடை நீங்கியது. அரக்கன் என்று நெடுங்காலம் இழிக்கப்பட்டவனைத் தமிழ் வேந்தனாக நிமிர்த்திய துணிவுக்குத் தலைவணங்குகிறேன். எனினும், திறனாய்வு நன்றியோடு நின்றுவிடக் கூடாது. அங்கே இராவணன் மாசு மறுவற்ற தலைவன். பீடத்தில் இருந்தவன் இறங்கினான், வேறொருவன் ஏறினான், பீடம் மட்டும் அப்படியே இருக்கிறது!

கம்பனின் நோக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆனால், முதல் நாள் போரில் யாவும் இழந்து வெறுங்கையோடு இலங்கை திரும்பும் இராவணனை அவன் எப்படிக் காட்டுகிறான்? விண்ணும் மண்ணும் நகைப்பதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை; சீதை சிரிப்பாளே என்று நாணிக் குன்றுகிறான். பகைவனாக வரைந்த பாத்திரம் அந்த ஒரு நாணத்தால் மனிதனாகிவிட்டது. போற்ற வந்தவர் தராத உயிரைத் தூற்ற வந்தவன் தந்தான் என்றால், நாம் சிந்திக்க வேண்டாமா?

மேனாட்டார் இதை நன்கு அறிந்துள்ளனர். டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் பெருங்கதையில், தீய மோதிரத்தை அழிக்கவென்றே ஃபிரோடோ மலைகளையும் பாழ்நிலங்களையும் கடந்து நடக்கிறான். எரிமலையின் விளிம்பில் நின்றதும், அதை எறிய மனமின்றித் தனதாக்கிக் கொள்கிறான்! மோதிர வெறி பிடித்த மற்றொருவன் அவன் விரலைக் கடித்து, மோதிரத்தோடு நெருப்பில் விழுந்ததால்தான் உலகம் பிழைக்கிறது. நாயகன் தோற்றான். அதனால் கதை தோற்கவில்லை. அதிகாரம் நல்லவனையும் விழுங்கும் என்ற உண்மையை அந்தத் தோல்வி நிலைநாட்டியது.

குறை என்பது நாயகனுக்குப் போடும் திருஷ்டிப் பொட்டு அன்று. “அவனுக்குச் சற்றுக் கோபம் வரும்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் மறந்துவிடுவது எழுத்தாளனின் சோம்பல். அக்கோபத்தால் யாரேனும் ஒன்றை இழக்க வேண்டும். இழப்பை அவன் அறிய வேண்டும். திருத்த முயல வேண்டும். முயன்றும் முடியாமல் போகலாம்.

நம் இளைஞர்கள் எழுதும் சீர்திருத்தக் கதைகளில் சாதி மறுத்து மணக்கும் வீரன் ஒரு நொடியும் தயங்குவதில்லை. தாயின் கண்ணீர் அவனைத் தொடுவதில்லை. ஊரின் புறக்கணிப்பு அவன் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. மாயக் கதையிலும் காணாத மாயம் இது! விளைவு என்ன? அதைப் படிக்கும் இளைஞன், நாளை தன் நெஞ்சில் தயக்கம் எழும்போது, “நான் அவனைப் போன்ற வீரன் அல்லன்” என்று ஒதுங்கிவிடுகிறான். தயங்கியவனும் தாலியின்றி மணக்கலாம், அஞ்சியவனும் அநீதியை எதிர்க்கலாம் என்று அவனுக்கு எந்தக் கதையும் சொல்லவில்லையே!

தோழர்களே, கம்பளம் பறக்கட்டும், கிளி பேசட்டும், கல் பெண்ணாகட்டும். அதன்மேல் அமரும் மனிதனுக்கு மட்டும் அச்சத்தையும், ஆசையையும், அவசரத்தையும் கொடுங்கள். அவன் தடுக்கி விழட்டும். விழுந்த இடத்திலிருந்து எழட்டும். வணங்குவதற்கு நமக்கு நாயகர்கள் வேண்டாம். உடன் நடப்பதற்கு வேண்டும்.