கழற்றிப் பூட்டும் வீடு

அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்குக் காலை ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிப் பார்த்தால், அதில் பலர் இரும்போடு பழகுகிறவர்கள். பிரஸ்ஸில் தகடு அடிப்பவர், வெல்டர், டிங்கரிங் பார்ப்பவர், பவுடர் கோட்டிங் போடுபவர், டூல் ரூமில் டை தேய்ப்பவர். இவர்கள் பார்த்தால் சட்டென்று புரிந்துகொள்ளக்கூடிய ஒரு வீடு உண்டு. அதில் செங்கல் சுவர் இல்லை, சுண்ணாம்பு இல்லை, பூச்சு இல்லை. வெளிச்சுவர், உட்சுவர், மேல்தளம், கூரை ஓடு, அலமாரி எல்லாம் எஃகுத் தகடு, தகட்டின்மேல் எனாமல். பெயர் லஸ்ட்ரான். அமெரிக்காவில் 1948 முதல் 1950 வரை தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றி அனுப்பிய வீடு இது. முக்கால் நூற்றாண்டு கழித்து, அந்த வீடுகளைச் சீரமைப்பது தனியொரு கைத்தொழிலாக வளர்ந்திருக்கிறது. வீட்டைவிட அந்தச் சீரமைப்பின்மீதுதான் எனக்குப் பிரியம் அதிகம்.

வீடு பிறந்த கதை பெட்ரோல் பங்கில் தொடங்குகிறது. சுவீடனில் பிறந்த பொறியாளர் கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் சிகாகோவில் எனாமல் தகடு செய்யும் நிறுவனம் ஒன்றில் இருந்தார். பெட்ரோல் பங்குகளுக்குச் சுவர்ப் பலகை செய்வது அவர்களுடைய தொழில்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எஃகுக்குக் கடும் கட்டுப்பாடு. பங்கு கட்ட எஃகு ஒதுக்கீடு கேட்டு அவர் வாஷிங்டன் போனார். போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான சிப்பாய்கள் குடியிருக்க வீடில்லாமல் தவித்த நேரம் அது. பங்குக்கு எஃகு கிடைக்காது, வீடு செய்வதானால் பார்க்கலாம் என்ற பதில் வந்தது. அவரும் வீடு செய்யக் கிளம்பிவிட்டார்.

1947இல் அமெரிக்க அரசின் மறுசீரமைப்பு நிதிக் கழகம் முதல் தவணையாக 1.55 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் போர் விமானம் செய்த கர்ட்டிஸ்-ரைட் ஆலை காலியாக இருந்தது. அங்கே பிரஸ்கள் இறங்கின, எனாமல் சூளைகள் எழுந்தன. மோரிஸ் பெக்மன், ராய் பிளாஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைபடம் போட்டார்கள். நாளுக்கு 100 வீடு என்பது திட்டம். அந்த எண்ணிக்கையை ஆலை ஒருநாளும் தொடவில்லை. விலை ஏறியது, கடன் ஏறியது. 1950இல் அரசே ஆலையை ஜப்தி செய்தது. மொத்தம் சுமார் 2,500 வீடுகள்தான் வெளியே போயின. வியாபாரமாகப் பார்த்தால் தோல்வி. வேலையாகப் பார்த்தால், அந்த நூற்றாண்டின் தகட்டு வேலைகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது.

பரவலாக விற்ற வெஸ்ட்செஸ்டர் மாடல் 1,085 சதுர அடி. நம் மனைக் கணக்கில் இரண்டரை சென்ட். கீழே கான்கிரீட் தளம், அதன்மேல் எஃகுச் சட்டகம், சட்டகத்தின்மேல் பலகைகள். வெளிச்சுவர்ப் பலகை ஒவ்வொன்றும் இரண்டடிக்கு இரண்டடி. நீலம், சாம்பல், மக்காச்சோள மஞ்சள், மணல் நிறம் என்று சில வண்ணங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் ஒரே டிரெய்லரில் ஏறின. தளத்தில் முதலில் தேவைப்படும் பாகம் முதலில் கைக்கு வருகிற மாதிரி அடுக்கினார்கள். டிரெய்லரில் ஏற்றும் வரிசையையே வேலைத் திட்டமாக ஆக்கிய அந்த யோசனையைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் மெச்சாமல் இருக்க முடியாது.

இந்த வீட்டின் அழகைப் பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் பலகையைப் பார்ப்பதில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓடும் கோட்டைத்தான் பார்ப்பார்கள். தகட்டின் நான்கு விளிம்பும் உள்பக்கம் மடிந்திருக்கும். இரண்டு மடிப்புகள் சேருமிடத்தில் பிளாஸ்டிக் பீடிங் அழுந்தி உட்கார்ந்திருக்கும். மழைத்தண்ணீரை வெளியே நிறுத்துவது அந்தப் பீடிங்தான். வெயிலில் தகடு விரியும்போது விட்டுக்கொடுப்பதும் அதுவே. சுவர் முழுவதும் ஓடும் சதுரக் கட்டக் கோலம் இப்படி வந்தது. அலங்காரம் என்று தனியாக எதுவும் சேர்க்கவில்லை. முன்வாசல் தாழ்வாரத் தூணும் அப்படித்தான். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை நேராக விடாமல், வளைத்து வளைத்துத் தூணோடு சேர்த்து ஒரு கிராதிபோல ஆக்கியிருக்கிறார்கள். வேலையும் அழகும் ஒரே வளைவில் முடிந்துவிடுகின்றன.

எனாமல் என்று பொதுவாகச் சொல்கிறோம். இங்கே அது டப்பா பெயின்ட் இல்லை, கண்ணாடி. கண்ணாடித் தூளைக் களிமண்ணும் தண்ணீரும் சேர்த்துக் கரைத்துத் தகட்டில் தெளிப்பார்கள். காய்ந்த பிறகு 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூளையில் வைத்தால் தூள் உருகி இரும்பைப் பற்றிக்கொள்ளும். முதல் பூச்சில் கோபால்ட் கலந்திருக்கும். கண்ணாடி இரும்போடு ஒட்டுவதற்கு அது வேண்டும். அடிப்பூச்சு கருநீலமாக இருப்பதும் அதனால்தான். நிறம் அதன்மேல் வரும் பூச்சில். ஆறும்போது இரும்பு கண்ணாடியைவிடச் சற்று அதிகமாகச் சுருங்குகிறது. அதனால் மேலிருக்கும் கண்ணாடி எப்போதும் லேசாக அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கிறது, எளிதில் விரிசல் விடுவதில்லை. நிறம் கண்ணாடிக்குள் கரைந்திருப்பதால் வெயிலுக்கு வெளுப்பதும் அரிது. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய எனாமல் தட்டும், பழைய ரயில் நிலையங்களில் பார்க்கிற எனாமல் பெயர்ப்பலகையும் இதே வேலைதான்.

அப்படி ஒரு பழைய தட்டை எடுத்து, விளிம்பில் தெறித்த இடத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள். வெளியே வெள்ளை. அதற்குள் கருநீல வளையம். நடுவில் துருப்பொட்டு. லஸ்ட்ரான் வீட்டின் நோய் முழுவதும் அந்த மூன்று வளையத்தில் இருக்கிறது. கல் பட்டோ ஏணி இடித்தோ கண்ணாடி தெறிக்கும். ஈரம் இரும்பைத் தொடும். துரு கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்து, இன்னும் கொஞ்சம் பூச்சைத் தூக்கிவிடும். நல்ல கைகாரர் இங்கே அவசரப்பட மாட்டார். முதல் வேலை கழுவுவது. மிதமான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். சுரண்டும் பவுடர் பக்கமே போகக் கூடாது. பல வருட அழுக்கு ஏறிய பலகையைப் பார்த்துவிட்டு நிறம் போய்விட்டது என்று முழுச் சுவருக்கும் பெயின்ட் அடித்தவர்கள் உண்டு. கழுவிய பிறகுதான் உண்மையான நிறம் தெரியும். அதற்குப் பிறகுதான் நிறம் சேர்க்க உட்கார வேண்டும்.

தெறித்த இடத்தில் துருவை மட்டும் எடுத்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, எப்பாக்ஸி வைத்துப் பள்ளத்தை நிரப்பி, மேலே நிறம் ஏற்றி, சுற்றியிருக்கும் கண்ணாடியோடு மட்டமாகத் தேய்க்க வேண்டும். கார் டிங்கரிங்கில் பட்டி பார்த்துப் பழகிய விரல்களுக்கு இது அந்நியமான வேலை இல்லை. விரலை மெல்ல ஓட்டினால் மேடு பள்ளம் தட்டக் கூடாது, அதுதான் பரீட்சை. பலகையைக் கழற்றி மறுபடி சூளையில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். பழைய பூச்சை முழுதும் உரிக்க வேண்டியிருக்கும், தகடு வளைந்துபோகும், பக்கத்துப் பலகையோடு நிறம் சேராது. தெறித்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை அப்படியே விடுவதே இந்தத் தொழிலின் தர்மம். முழுக்கப் புதிதாக மினுங்கும் வீட்டைவிட, எங்கே கை வைத்தார்கள் என்று தேடினால்தான் தெரிகிற வீடு உயர்ந்தது.

பீடிங் வேலை இன்னும் நுட்பமானது. எழுபது வருடத்தில் பிளாஸ்டிக் இறுகி, சுருங்கி, மூலைகளில் இடைவெளி விட்டிருக்கும். துப்பாக்கியை எடுத்துக் கோடெல்லாம் சிலிகான் தீற்றுவது சுலபம். ஆனால் மடிப்பின் நிழல்கோடு போய்விடும். கட்டக் கோலம் மழுங்கும். பின்னால் அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. அக்கறை உள்ளவர்கள் பழைய பீடிங்கைப் பொறுமையாக உருவி, இடுக்கைத் துடைத்து, அதே அகலத்தில் புதியதை அழுத்துகிறார்கள். உட்சுவரில் ஆணி அடிப்பதும் துளை போடுவதும் கூடாது. ஒவ்வொரு துளையும் துருவுக்குத் திறந்த வாசல். சுவரே எஃகு என்பதால் படம் மாட்டக் காந்தம் போதும்.

பலகை ஒன்றை மாற்றுவதென்றால் இன்னொரு பாடம் இருக்கிறது. சுவரில் பூட்டிய வரிசைக்கு எதிர்வரிசையில்தான் கழற்ற வேண்டும். அன்று டிரெய்லரில் அடுக்கியவர் மனத்தில் இருந்த வரிசையை இன்று கழற்றுபவர் பிடித்தாக வேண்டும். ஆலை மூடி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால் புதிய பாகம் கிடைக்காது. இடிக்கப்படும் இன்னொரு லஸ்ட்ரான் வீடுதான் உதிரிபாகக் கடை. வெர்ஜீனியாவின் குவாண்டிகோ மரைன் படைத் தளத்தில் இந்த வீடுகள் ஐம்பதுக்கும் மேல் ஒரே இடத்தில் இருந்தன. கழற்றி எடுத்துப் போகிறவர்களுக்கு இலவசம் என்று 2006இல் அறிவித்தும், பெரும்பாலானவை இடிபட்டன. அதே மாநிலத்தின் ஆர்லிங்டனில் இருந்த ஒரு வீட்டுக்கு நல்ல காலம். பாகம் பாகமாகக் கழற்றப்பட்ட அந்த வீட்டின் பகுதிகள் 2008இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2013இல் அது பிறந்த கொலம்பஸ் நகரத்துக்கே திரும்பி, ஒஹையோ வரலாற்று மையத்தின் கூடத்துக்குள் முழு வீடாக எழுந்தது. செங்கல் வீட்டை இடிக்கலாம், கழற்ற முடியாது. கழற்றக்கூடிய வீட்டுக்குத்தான் இப்படி இரண்டாம் பிறவி வாய்க்கும்.

நம் வெயிலுக்கு இரும்பு வீடா என்ற கேள்வி நியாயமானது. கோடையில் ஷீட் கூரைக்கு அடியில் மதியம் படுத்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லஸ்ட்ரான் குளிர் நாட்டு வீடு. அங்கேயும் மேல்தளத்திலிருந்து வெப்பம் இறக்கும் ஏற்பாட்டில் தலை சூடாகவும் கால் குளிராகவும் இருந்ததாகக் குறை சொன்னார்கள். வெப்ப நாட்டுக்கான பதிலைப் பிரான்சின் ழான் ப்ரூவே கிட்டத்தட்ட அதே வருடங்களில் கொடுத்தார். அவருடைய ‘வெப்பமண்டல வீடு’ அலுமினியமும் எஃகும் கலந்தது. சூடேறிய காற்று மேலே வெளியேறும் இரட்டைக் கூரை, சுற்றிலும் வெயில் தடுக்கும் தாழ்வாரம், வெயிலை வடிகட்டும் சிறு நீலக் கண்ணாடி வட்டங்கள். 1949 முதல் 1951 வரை மூன்று வீடுகள் ஆப்பிரிக்காவுக்குப் போயின: நியாமேக்கு ஒன்று, பிராசாவில்லுக்கு இரண்டு. அரை நூற்றாண்டு கழித்து அவை கழற்றப்பட்டு பிரான்சுக்குத் திரும்பின. பிராசாவில் வீட்டுத் தகடுகளில் உள்நாட்டுப் போரின் குண்டுத் துளைகள் இருந்தன. சீரமைத்த ஒரு வீடு 2007இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நிழலும் காற்றும் தெரிந்தவர் செய்தால் தகடு வெப்ப நாட்டுக்கும் ஆகும் என்பதற்கு அந்த வீடுகள் சாட்சி.

இந்தியாவும் அப்போது சும்மா இருக்கவில்லை. ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெங்களூரில், 1939 முதல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். இந்திய அறிவியல் கழகத்தின் சில கட்டடங்கள் அவர் கைவண்ணம். விடுதலைக்குப் பின் நேரு அரசின் வீட்டுவசதி இயக்குநரானார். பிரிவினை அகதிகளுக்கு வீடு தர டெல்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை வந்தது. அங்கே செய்தது இரும்பு இல்லை, லேசான கான்கிரீட் பலகைகள். அவை எதிர்பார்த்தபடி அமையவில்லை. 1951இல் அவர் நாட்டைவிட்டே போய்விட்டார். அந்தத் தொழிற்சாலை பின்னால் இந்துஸ்தான் பிரீஃபேப் ஆனது. கொலம்பஸும் டெல்லியும் ஒரே சமயத்தில் ஒரே ஆசைப்பட்டு, ஒரே மாதிரி சறுக்கியிருக்கின்றன. வீட்டைப் பாகங்களாகச் செய்வது பாதி வேலைதான். பாகங்கள் சேருமிடத்தைச் சரியாகச் செய்வதுதான் மீதி. டெல்லியில் அந்த மீதி கைகூடவில்லை. கொலம்பஸில் கணக்கு தவறினாலும் மடிப்பு தவறவில்லை. அதனால்தான் சீரமைப்பதற்கு அதன் வீடுகள் மிஞ்சியிருக்கின்றன.

இதை அஞ்செட்டியில் உட்கார்ந்து எழுதக் காரணம் உண்டு. 1980 வாக்கில் ஓசூருக்கு அசோக் லேலண்ட் வந்தது; அதை ஒட்டியும் அடுத்தும் ஆலைகள் வரிசையாக வந்தன. அன்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்தக் காலத்து ஷெட்டுகள், போல்ட் போட்டுப் பூட்டிய கேபின்கள், எனாமல் எண்பலகைகள், நல்ல மடிப்பு வேலை உள்ள கதவுகள் ஒவ்வொன்றாகக் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகின்றன. கல்வெட்டையும் கோயில் தூணையும் பழமை என்று போற்றும் நமக்கு, தகட்டு வேலையிலும் போற்ற வேண்டிய பழமை இருக்கிறது என்பது இன்னும் உறைக்கவில்லை. லஸ்ட்ரானைச் சீரமைக்கத் தேவையான கைத்திறன்கள் அத்தனையும் இந்த வட்டாரத்தில், பஸ் ஓடும் தூரத்தில் இருக்கின்றன. இல்லாதது, இது காப்பாற்றத் தக்கது என்ற எண்ணம் மட்டும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலையிலோ வீட்டிலோ பழைய இரும்பு வேலை எதையாவது எடுத்துப் போடும் முன், எடைக்காரரைக் கூப்பிடும் முன், இரண்டு தகடுகள் சேரும் இடத்தை ஒருமுறை பாருங்கள். மடிப்பு நேராக இருக்கிறதா, போல்ட் இன்னும் திரும்புகிறதா, பாகத்தில் எண் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டாதீர்கள், கழற்றுங்கள். கழற்றும்போது வரிசையைக் குறித்து வையுங்கள். நாளை அதைப் பூட்டப்போகிறவருக்கு அந்தக் குறிப்பு ஒன்றே போதும்.